'சோதிக்காதே' என்ற வரி

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து தரும் சின்ன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரு சந்தை நாளில் தளம் படுத்துவிட்டது. "இவன் கை வெச்சாலே பேஜாருதாங்க" என்று முதலாளியிடம் என்னைக் கைகாட்டினார் சீனியர். நான் அந்தத் தளத்தின் நிரலைத் தொட்டதே இல்லை. யாரும் நம்பவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் வீடு திரும்பும்போதே பழிவாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நிரலை ஓட்டாமலே படித்துத் தப்பைக் காட்டும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. சீனியரோ தன் ஃபைல்கள் எல்லாவற்றின் தலையிலும் 'சோதிக்காதே' என்று ஒரு வரி போட்டு அதன் வாயை அடைத்திருந்தார். மறுநாள் அந்த வரிகளை அழித்துவிட்டு, முதலாளி பார்க்கவே கருவியை ஓட்டினேன். திரை முழுக்கச் சிவப்பு. தளத்தைப் படுக்கவைத்த வரியும் அதில் இருந்தது, அதை எழுதிய சீனியரின் பெயரோடு.

"இன்னாப்பா பண்ணிக்கினு இருக்க? ஜல்தி நிறுத்து!" என்றார் சீனியர்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்கண்ணா, அதுதான் சொல்லுது."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது இனித்தது.

மன்னிப்புக் கேட்பார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். கேட்கவில்லை. கிளம்பும் முன் கருவியில் ஒரு விதியைச் சேர்த்தேன்: 'சோதிக்காதே' என்று எழுதிய எந்த ஃபைலும் இனி தளத்துக்குப் போகாது.