புல்கூட்டில் ஓடிய கூட்ஸ் வண்டி

கொழுந்தியாளுக்கு வேலை போகப்போகிறது என்று மனைவி வந்து சொன்னபோது, நான் தீக்குச்சி கனத்தில் ஒரு பிரேக் லீவரை பொம்மைக் கூட்ஸ் வேகனின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை காயும்வரை விரலை எடுக்க முடியாது. விரலை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினேன். அப்போதும் விரலை எடுக்காமல் இருந்தேனே என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

"அங்க அவள விசாரிக்குதாங்களாம். அந்தப் பாட்டாக்க படத்த நீங்க ஃப்ளெக்ஸ்ல போட்டதுக்காக்கும்" என்றாள்.

எனக்கு மீன்பிடி வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கரையில் ஃபைபர் வள்ளங்களுக்கு நிறம் பூசி, பேரும் நம்பரும் எழுதிக் கொடுப்பேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இங்கிலீஷ் எழுத்துக்களை வரையத் தெரியும், வாசிக்கத் தெரியாது. மனைவியின் தங்கை நர்சிங் படித்து இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். பாட்டா என்று மனைவி சொன்னது அங்கே இருக்கும் ஒரு தாத்தாவை. அந்த வேலையைக் காட்டித்தான் விசா. வேலை போனால் அவளோடு சேர்ந்து அவள் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் பெட்டி கட்ட வேண்டும்.

எங்கள் ஊரில் டிசம்பர் பிறந்தால் புல்கூடு கட்டுவார்கள். மாட்டுத்தொழுவமும் குழந்தை இயேசுவும் மட்டும் வைத்தால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அருவி விழ வேண்டும், காற்றாடி சுற்ற வேண்டும், பக்கத்துத் தெருப் புல்கூட்டைவிட ஒரு பல்பாவது கூட எரிய வேண்டும். ஒருமுறை கொழுந்தியாள் லீவுக்கு வந்தபோது, பழைய சாமான் விற்கும் கடையில் கிடைத்ததென்று ஒரு டீசல் எஞ்சினும் வட்டமாகப் போடும் தண்டவாளமும் கொண்டுவந்தாள். நீல உடம்பு, மஞ்சள் முகம். புல்கூட்டில் ஓட விடுங்கள் அத்தான் என்றாள். ஓட விட்டோம். பின்னால் ஒன்றும் இல்லாமல் அது தனியாகச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. இதற்கு வேகன் செய்யலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

முதலில் இரணியல் ஸ்டேஷனில் பார்த்த கூட்ஸ் வண்டியை மனதில் வைத்து, பழைய பிவிசி கதவை வெட்டி ஒன்று செய்தேன். எஞ்சினோடு சேரவில்லை. வேகன் பெரிதாகி எஞ்சின் அதற்குப் பின்னால் மறைந்துபோனது. எஞ்சினின் படத்தை போனில் காட்டித் தேடினால், அதே நீல எஞ்சின் சின்னச் சின்ன இரும்பு வேகன்களை இழுத்துக்கொண்டு போகும் பழைய படங்கள் வந்தன. நாலே சக்கரம், மேலே மூடி இல்லை, உள்ளே கரி. அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு. கரையில் காற்று மணலை வாரி அடிக்கிற மத்தியானங்களில் பெயின்ட் வேலை நடக்காது. அந்த நேரமெல்லாம் போனோடுதான் இருந்தேன்.

வாசிக்கத் தெரியாததால் படத்தைத்தான் நம்பினேன். விரலால் பெரிதாக்கி ஆணி ஆணியாகப் பார்ப்பேன். ஒரே மாதிரி வேகனில் சில சாம்பல் நிறம், சில செங்கல் நிறம். வயசாகி நிறம் மாறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். நிறைய படங்கள் பார்த்த பிறகுதான் தெரிந்தது, செங்கல் நிறத்து வேகன்களுக்கு முனையில் ஒரு ரப்பர் குழாய் தொங்குகிறது, சாம்பலுக்கு இல்லை. ஏன் என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. கொழுந்தியாள் போனில் பேசும்போது, மனைவி மூலமாகக் கேட்டேன். நானாக யாரிடமும் அதிகம் பேசுகிற ஆள் இல்லை.

மறுநாள் வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அத்தான், இங்க ஒரு பாட்டா இருக்காரு. கூட்ஸ் வண்டியில கார்டா இருந்தவராம். கேட்டேன். செங்கல் கலரு வண்டிக்கு எஞ்சின்ல இருந்தே பிரேக் பிடிக்கலாமாம். சாம்பலுக்கு அது கெடயாதாம். எறக்கம் வந்தா வண்டிய நிறுத்திப்போட்டு, இவரு எறங்கி கம்பு வச்சு ஒவ்வொரு வண்டியாட்டு லீவர அமுக்கிட்டே நடக்கணுமாம். பனியில, மழையில. ஒங்க அத்தான வந்து அமுக்கச் சொல்லுன்னு சிரிக்குதாரு."

கடைசியில் அந்தப் பாட்டாவின் சிரிப்பும் கேட்டது. இருமலோடு முடிந்த சிரிப்பு. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அதன்பிறகு கேள்விகள் கூடிக்கொண்டே போயின. கடைசிப் பெட்டியின் புகைக்குழாய் எதற்கு? கார்டு குளிர் காய அடுப்பு இருக்குமாம். வேகனின் பக்கவாட்டில் சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு எதற்கு? கோடு எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்த முனையில் கதவு திறக்குமாம். அவளுக்கு அது மருந்து கொடுக்கிற நேரம், பாட்டாவைக் குளிப்பாட்டுகிற நேரம். அதற்கிடையில் என் கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நர்சிங் படித்த காலத்தில் அவளை ஸ்கூட்டரில் மார்த்தாண்டம் வரை கொண்டுபோய் பஸ் ஏற்றி விடுவேன். அந்த ஒன்றுக்காக நான் என்ன கேட்டாலும் அவள் மறுக்க மாட்டாள். எனக்கும் அது தெரியும்.

பிரேக் லீவர்தான் கடைசிச் சந்தேகம். படத்தில் வேகனின் ஒரு பக்கம்தானே தெரியும்? மறுபக்கத்தில் லீவர் எந்த முனையில் இருக்கும்? பாட்டாவிடம் பழைய ஆல்பம் ஒன்று இருக்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். அதைப் படம் பிடித்து அனுப்பக் கேட்டேன்.

"அத்தான், ரூமுக்குள்ள போனே எடுக்கப்பிடாது. இப்ப பேசுகதே களவாட்டாக்கும். படமெல்லாம் எடுத்தேன்னு தெரிஞ்சா என்னைய..." என்று சொல்லிச் சிரித்தாள்.

என்னைய என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. நாலு நாள் விட்டு, ஆல்பம் கிடைத்ததா என்றுதான் கேட்டேன்.

ஆல்பத்தின் பக்கங்களை அனுப்பினாள். கூடவே இன்னொரு படம். பாட்டா நாற்காலியில், மடியில் போர்வை, அதன்மேல் ஆல்பம், பல்செட் போடாத வாய் நிறையச் சிரிப்பு. ஓரத்தில் இவள் முகம் பாதி, சட்டையில் இல்லத்தின் பேர் போட்ட பட்டை. 'பாட்டா ஒங்களுக்கு ஹலோ சொன்னாரு' என்று குரலும் இருந்தது.

அந்த வருஷம் எங்கள் புல்கூட்டில் நீல எஞ்சின் கரி வேகன்களை இழுத்துக்கொண்டு பெத்லகேமைச் சுற்றி வந்தது. கூட்டம் நின்று பார்த்தது. புல்கூடு கமிட்டிச் செயலாளர், கல்ஃப் நாட்டில் இருந்து வந்து ஊரோடு தங்கிவிட்டவர், இரண்டு பேரோடு என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ஒங்க படம் ஒண்ணு வேணும். ஜங்ஷன்ல ஃப்ளெக்ஸ் வைக்கோம்."

"எனக்க படமா? வேண்டாம் மக்கா."

"ஏன் வெக்கப்படுதிய? பொண்ணு பாக்கவா போறோம்?"

"கல்யாணப் படத்த குடுங்கண்ணே" என்றார் கூட வந்தவர். "அதுல பேயக் கண்டது மாதிரி நிப்பிய. நல்லா எடுப்பா இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜங்ஷனில் என் முகம் நின்றால், நாளைக்கு அந்த வழியாக எப்படி நடப்பது? இந்த வேகனுக்கெல்லாம் காரணம் நான் இல்லை, இவர்தான் என்று பாட்டாவின் படத்தைக் காட்டினேன். செயலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெள்ளைக்காரர் படம் போட்ட புல்கூடு வேறு எந்தத் தெருவில் இருக்கிறது? படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். தப்பித்தோம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஃப்ளெக்ஸில் பாட்டா ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தார். பக்கத்தில் கொழுந்தியாளின் பாதி முகம், சட்டைப் பட்டை, எல்லாம். கீழே கமிட்டிக்காரர்கள் வட்ட வட்டமாக, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. எங்கள் பக்கத்தில் கிழவர் படத்தோடு பெரிய ஃப்ளெக்ஸ் என்றால் பெரும்பாலும் சாவு அறிவிப்புதான். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "எப்பம் அடக்கம்?" என்று கேட்டார். இன்னொருவர் புது பிஷப்பா என்றார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

யாரோ அதை வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டார்கள். அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது. அந்த இல்லத்திலேயே வேலை பார்க்கும் ஒரு மலையாளப் பெண் பார்த்துவிட்டு, 'இது நம்முடைய அப்பச்சன் அல்லே' என்று சந்தோஷத்தில் கூட இருந்தவர்களுக்குக் காட்டினாள். மேலாளரும் அங்கேதான் இருந்தார்.

மனைவி இதைச் சொல்லி முடித்தபோது பசை காய்ந்திருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு செயலாளரைத் தேடிப் போனேன். ஒரு ஆளிடம் போய் நானாக ஒன்று கேட்டது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல்முறை.

"ஃப்ளெக்ஸ எடுக்கணும்."

"என்னண்ணே, மூணு ராஜாக்க திருநாள் வரயாவது நிக்கட்டும்."

"எனக்க கொழுந்தியாளுக்க வேலை, மக்கா."

அவர் தாமே ஏணி எடுத்து வந்து ஏறி அவிழ்த்தார். வீடியோவையும் அழிக்கச் சொன்னார். ஆனால் அதற்குள் அது யார் யார் போனிலோ போய்விட்டது.

விசாரணை முடியும்வரை கொழுந்தியாள் போன் பண்ணவில்லை. மனைவி என்னைத் திட்டவும் இல்லை. ஜெபமாலை முடிந்ததும் தங்கைக்காக ஒன்று கூடுதலாகச் சொன்னாள், நானும் கூடவே சொன்னேன். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே, "ஒங்களுக்கு சந்தேகம் கேக்க ஒரு பாட்டா கெடச்சாரு. அவளுக்கு அங்க ஆரு இருக்கா?" என்றாள்.

அந்த நாட்களில் நான் வேகன் எதையும் தொடவில்லை. ஆனால் போனைத் தொட்டேன். அவள் அனுப்பிய ஆல்பப் படங்களை அழித்துவிடலாம் என்று திறந்தால், ஒன்றில் இரண்டு வேகன் என்று நான் முன்பு நினைத்திருந்தது ஒரே நம்பர் போட்ட ஒரே வேகன், இரண்டு பக்கமும் எடுத்து அடுத்தடுத்து ஒட்டியிருந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் லீவர் வலது கை ஓரத்தில்தான் இருக்கிறது. என்னையறியாமல் 'ஆ' என்றேன். மனைவி அடுக்களையில் இருந்து, "என்னது, அவளா?" என்று ஓடி வந்தாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் முகம் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

அவள் அழைத்த அன்று மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"வேல போகல்லக்கா. பாட்டாக்க மக வந்து, எங்களுக்கு பரிபவம், கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா. வார்னிங் தந்திருக்காங்க. இனி ஒருக்கா எதாவது நடந்தா அவ்வளவுதான். என்னைய மேல் மாடிக்கு மாத்தியாச்சு. பாட்டாக்க ரூமுக்குப் போகப்பிடாது."

மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதாள், பிறகு தங்கையை ஏட்டி, மூதேவி என்று வைதாள், பிறகு சிரித்தாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"பாட்டா தான்க்கா பாவம்" என்றாள் கொழுந்தியாள். "அவருகிட்ட ஆரும் ஒண்ணும் சொல்லல்ல. கீழ வேல பாக்குத பிள்ளைககிட்ட தெனமும் கேக்காராம், அந்த இந்தியாக்காரி ஏன் வரல்ல, அவளுக்க அத்தானுக்கு நான் எதாவது தப்பாட்டு சொல்லிப்போட்டனான்னு."

நான் போன் பக்கம் நகர்ந்தேன். அவர் சொன்னதெல்லாம் சரி, ஒன்றும் தப்பில்லை, எல்லாம் அவர் சொன்னபடிதான் செய்திருக்கிறேன் என்று எப்படியாவது அவரிடம் சொல்லச் சொல்ல வேண்டும். கீழே இருக்கும் அந்தப் பிள்ளைகள் மூலமாகவாவது. வாய்வரை வந்துவிட்டது.

"அத்தான் நிக்காரா?" என்று கேட்டாள். "என்ன அத்தான், எதாவது கேக்கணுமா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல மக்களே" என்றேன். "நீ வேலைக்குப் போ."