பவர் கேபிள் மேசையில் கிடந்தது

கதை கட்டிச் சொல்ல எனக்கு வராது. நடந்ததைத்தான் சொல்கிறேன். பிரிக்ஃபீல்ட்ஸில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நிர்மலனுக்கு, போன மார்ச்சில், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றாலே வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவன். இப்போது சிரிப்பதில்லை.

மதியம் 2.10. காப்பார் ஊரிலிருந்து அமுதவள்ளி என்ற பெண் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். கணவன் பாலன் லோரி விபத்தில் இறந்து எட்டு மாதம். மகள் ஷாமினிக்குப் பதினேழு வயதாகியும் ஐசி, அதாவது அடையாள அட்டை, கிடைக்கவில்லை. அப்பாவின் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதுவோ வெள்ளத்தோடு போய்விட்டது. பத்திர எண்ணாவது தெரிந்தால் பதிவேட்டில் தேடலாம் என்று பதிவு அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை 9 மணிக்கு அங்கே போக வேண்டும்.

"அவரு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லதான் ஏத்தி வைப்பாரு, அண்ணே. வீட்டுல இருந்தது இது ஒன்னுதான்."

நிர்மலன் டிஸ்க்கை மாட்டினான். அதற்கு இரண்டே கேபிள். அகலமானது கரண்டு கொடுக்கும். ஒல்லியானது தகவலைக் கொண்டுபோகும். முன்பெல்லாம் தகவலுக்கே நாற்பது கம்பி வைத்த பட்டைக் கேபிள் வேண்டும். இப்போது தகவல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போவதால் ஒல்லிக் கேபிள் போதும். ஆனால் இரண்டில் எது கழன்றாலும் டிஸ்க் செத்த மாதிரிதான்.

கிளிக்... கிளிக்... கிளிக்...

திரையில் ஒன்றும் இல்லை. கேபிளை மாற்றினான். கம்ப்யூட்டரையே மாற்றினான். 2.55. மறுபடி கிளிக். 3.20. மறுபடி கிளிக். பதினான்கு வருஷத் தொழில், ஒரு டிஸ்க் இப்படி உயிரை வாங்கியதில்லை.

"கொஞ்சம் பாருங்கண்ணே... நாளைக்கு விட்டா எப்பன்னே தெரியல."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன் லா!"

கத்திவிட்டான். கத்திய உடனே தன் மேலேயே எரிச்சல் வந்தது. புருஷனைப் பறிகொடுத்து வந்திருக்கிறவளிடம் காட்டுகிற கோபமா இது?

3.41. போதும் என்று ஒரு கேபிளை வெடுக்கெனப் பிடுங்கி மேசையில் எறிந்தான். கிளிக் சத்தம் நின்றது.

அப்புறம்... வ்ர்ர்ர்ர்...

டிஸ்க் சீராகச் சுற்றும் சத்தம். திரையில் டிங். டிஸ்க் வந்துவிட்டது! உள்ளே ஒரே ஃபோல்டர். பெயர், ஷாமினி. அதற்குள் ஒரே படம். பாலனின் பிறப்புப் பத்திரம்.

அவசர அவசரமாகப் பென் டிரைவில் காப்பி போட்டான். நொடியில் முடிய வேண்டியது. ஊர்ந்து ஊர்ந்து போனது. 20... 30...

வியர்வையைத் துடைக்கத் துணியைத் தேடிக் கை மேசையில் அலைந்தது. எதிலோ பட்டது.

அகலமான கேபிள்.

கரண்டு கேபிள்.

டிஸ்க் சுற்றிக்கொண்டே இருந்தது...

ஒல்லிக் கேபிளைப் பிடுங்கக் கையை நீட்டினான். அமுதவள்ளி மணிக்கட்டைப் பிடித்தாள்.

"புடுங்காதீங்கண்ணே."

அவளும் பார்த்துவிட்டிருந்தாள். கண்ணில் பயமே இல்லை.

"அவரு எப்பவும் லேட்டாதான் வருவாரு."

80... 90...

3.47. நூறு.

சத்தம் நின்றது.

அவள் பென் டிரைவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டிஸ்க் கடையிலேயே கிடந்தது.

மறுநாள் காலை 11.05க்கு போன் வந்தது. எண் சரியாக இருந்ததாம். பதிவேட்டில் பாலனின் பெயர் அகப்பட்டுவிட்டதாம். அமுதவள்ளி அழுதுகொண்டே சிரித்தாள். நன்றி சொல்ல மகளிடம் போனைக் கொடுத்தாள்.

"டேங்க்யூ அங்கிள். ஆனா எந்த டிஸ்க்கு? அம்மா துணியில சுத்தி வச்சிருந்ததா?"

"ஆமா. ஏன்?"

"அதுல எப்படி இருக்கும்? உள்ள இருந்த தட்ட அப்பா எப்பவோ கழட்டிட்டாரே. ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்குக் கண்ணாடி மாதிரி வேணும்னு நான்தான் கேட்டேன். என் ரூம்ல மாட்டி இருக்கு."

எல்லாத் தகவலும் பதிவது அந்தத் தட்டில்தான். நிர்மலனுக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரிடம் காட்டுவது? டிஸ்க்கை எடுத்து, திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மூடியைத் தூக்கினான்.

மோட்டார் இருந்தது. தட்டைப் படிக்கிற கை இருந்தது.

தட்டு இல்லை.