அத்தானின் துருக்கி வாள்

வாளைக் கையில் வாங்கியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புதுச் சருவச்சட்டி மாதிரி அது மின்னியது.

“என்னக்கா செய்தனீங்கள்?”

“ஆயுதபூசைக்குத் தேங்காய்ப் பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சன். கறளோடை வைக்கேலுமே?”

வெளிநாட்டு அருங்காட்சியகமொன்றில் பழைய ஆயுதங்களுக்கு வயது சொல்வதுதான் என் வேலையாக இருந்தது. கறளை, அந்தத் துருவை வைத்துத்தான் பாதி வயதைச் சொல்வோம் என்பதைச் சாவகச்சேரிக்கு வந்து சொந்த அக்காவுக்கு விளக்கினேன். அவர் கேட்டால்தானே!

இது துருக்கியை ஆண்ட உதுமானியர் காலத்து வாள், தன் பூட்டன் பருத்தித்துறையிலிருந்து பாய்க்கப்பலில் போய்க் கொண்டுவந்தது என்று அத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா ஒருநாளும் நம்பவில்லை. சண்டையில் இடம்பெயர்ந்தபோது அக்காவின் தையல் மெசினை விட்டுவிட்டு இதைத்தான் அத்தான் சைக்கிளில் கட்டினார். அந்தக் கோபம் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை.

“உது முழுப் புளுகு, தம்பி. போலி எண்டு ஒரு சொல்லுச் சொல்லு, பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திடுறன்.”

“பாக்காமல் என்னெண்டு சொல்லுறது?”

அலகில் அரபு எழுத்தில் ஒரு பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருந்தன. அரபு இலக்கத்தில் பூச்சியம் வெறும் புள்ளி. ஆண்டின் கடைசியில் இருந்தது அந்தப் புள்ளியா, கறள் தின்ற குழியா? புள்ளி இல்லாவிட்டால் நூற்றுச் சொச்சம் என்று மூன்றே இலக்கம், உதுமானியர் தலையெடுக்காத காலம். அப்படியென்றால் அரபு தெரியாத எவனோ வெட்டிய போலி. அந்த இடத்தையும் விடாமல் தேய்த்திருந்தார் மகராசி. நான் பூதக்கண்ணாடியோடு மல்லுக்கட்ட, தேத்தண்ணியோடு வந்து நின்று “போலிதானே?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“கொஞ்சம் பேசாமல் இருங்கோவன்” என்று எரிந்து விழுந்தேன்.

யன்னலடியில் வாளைச் சரித்தபோது குழியின் அடியில் பொன் தெரிந்தது; அது பூச்சியமேதான். உளியால் வெட்டி, பொன்கம்பியை உள்ளே அடித்து இறக்கியிருந்தார்கள். போலி செய்கிறவன் மேலால் பூசிவிடுவான். அக்காவின் பொச்சுக்கு அது அன்றைக்கே போயிருக்கும். நுனிப்பக்கம் அலகு அகன்றிருந்த விதமும் அந்தக் காலத்தோடு ஒத்துப்போனது.

“அசல்” என்றேன், வென்றுவிட்ட மிதப்பில். “அத்தான் சொன்ன காலம்தான். இனியாவது தேய்க்காமல் இருங்கோ.”

அக்கா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“ஆஸ்பத்திரியிலை உன்ரை அத்தான் கடைசியாக் கேட்டவர், ‘இப்பவாவது நம்புறியோ’ எண்டு. நான், ‘புளுகாமல் படுங்கோ’ எண்டிட்டன்.”