மணப்பாட்டில் விளாம்பழம் பூசிய பன்றி ரோஸ்டும், தரகர் முழுங்கிய பாதி வார்த்தையும்

மகள் ஜெனிட்டாவுக்கு நல்ல வரன் வந்தால் மணப்பாடு சிலுவைக் கோயிலுக்கு வருகிறேன் என்று நேர்ந்திருந்தேன். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். பார்த்திருந்த மாப்பிள்ளையும் அதே ஊர்தான். "பையன் கப்பல்ல சீஃப்" என்று தரகர் போனில் சொன்னார். சீஃப் என்றால் கேப்டனுக்கு அடுத்த ஆபீசர். ஹார்பர் ஊர்க்காரி, எனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் லோடு நாள். "நீ பாத்துப் பிடிச்சா வெத்திலையைக் கொடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

காலை 6.20-க்குத் தூத்துக்குடியில் பஸ். திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர், ஆளுக்கு 35 ரூபாய். வழியில் ஆத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்காமலே ஜன்னல் வழியாக ஒரு கட்டு வெற்றிலை வாங்கிப் பையில் பத்திரப்படுத்தினேன். திருச்செந்தூரிலிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கோயில் மணல் குன்றின் மேல் இருக்கிறது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், கடல் காற்று அப்படி. ஜெபமாலை முடித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு நடந்தோம்.

அவருடைய அம்மா ஃபிலோமி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மைனி! எம்மவன் ரெனால்ட் பின்னால பன்னியோட மல்லுக்கட்டுதான்."

பின்கட்டில் கைலியும் ஏப்ரனுமாக ஒரு வாலிபன், இரும்புச் சட்டியின் மூடி மேல் சிரட்டைக் கனலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆபீசர் சமைக்கவும் செய்வாகளோ?" என்று சிரித்தேன்.

"எந்த ஆபீசர் ஆன்ட்டி? நான் சீஃப் குக்."

சேசுவே! கேப்டனுக்கு அடுத்த ஆளில்லை, கப்பல் சமையல்காரர்!

ஃபிலோமி மைனிக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "அந்தத் தரகர் அண்ணாச்சி வெத்திலையோட சேத்து 'குக்'கையும் மென்னு துப்பிட்டாரு போல!"

திரும்பினால் ஜெனிட்டா தரையைப் பார்க்கிறாள். "ஏளா, உனக்குத் தெரியுமா?"

"மொத நாள் போன்லயே சொன்னாவம்மா. எனக்கு இவுகளைப் பிடிச்சிருக்கு."

இது அடுத்த இடி. பெற்றவளுக்குத் தெரியாத விஷயம் இவளுக்குத் தெரிந்திருக்கிறது! வெற்றிலையை வெளியே எடுப்பதில்லை, சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன்.

அதற்குள் அந்தப் பையன் சட்டியைத் திறந்தான். மிளகு, பூண்டு, காடி என்கிற வினிகர் தடவி ராத்திரி முழுக்க ஊறிய இரண்டு கிலோ கறி, தோலோடு வெந்திருந்தது. அதன் மேல் விளாம்பழக் கூழையும் உடன்குடிக் கருப்பட்டிப் பாகையும் கலந்து பூசுகிறான்!

"ஏன் தம்பி, கறி மேல பாயாசத்தையா ஊத்துதிய?"

"கடைசி இருபது நிமிஷம்தான் ஆன்ட்டி. மொதல்லயே பூசினா கருப்பட்டி கரிஞ்சு கசந்துரும்."

தோல் செம்மண் நிறத்தில் பளபளவென்று இறங்கியது. ஜெபம் சொல்லி உட்கார்ந்தோம். அவன் கத்தியோடு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஆன்ட்டிக்கு எது பிடிக்கும்? தோலா, கொழுப்பா, கறியா?"

தட்டை மட்டும் நீட்டினேன். வீட்டில் கறி எடுத்தால் நல்ல துண்டு அவருக்கு, எலும்பில்லாதது ஜெனிட்டாவுக்கு, சட்டியில் ஒட்டியது எனக்கு. கல்யாணமான இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. எனக்கு எது பிடிக்கும் என்று எனக்கே தெரியவில்லை! அன்றைக்கு என்னை உலுக்கியதில் இதுதான் பெரிய இடி.

"எல்லாத்துலயும் ஒண்ணு வைக்கேன். தின்னு பாத்துச் சொல்லுங்க."

தோல் நொறுங்கியது. முதலில் இனிப்பு, பிறகு தாடையைக் கூசவைக்கும் புளிப்பு.

"தோல்தான்" என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து பையைத் திறந்து, வாடத் தொடங்கியிருந்த வெற்றிலையில் தண்ணீர் தெளித்து மைனி கையில் கொடுத்தேன். ஜெனிட்டா அழுதாள்.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன் குன்றேறிவிடுங்கள். இதைச் சமைப்பவர்கள் நன்றாகப் பழுத்த விளாம்பழமாக வாங்கிக் கூழை வடிகட்டுங்கள், நார் இருந்தால் கருகும். வரன் பார்ப்பவர்கள், தரகர் 'சீஃப்' என்றால் மிச்ச வார்த்தையையும் கேளுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நான் போனிலேயே கேட்டிருந்தால் மணப்பாட்டுக்குப் பஸ் ஏறியிருக்கவே மாட்டேன்.