ஏரிக்கு எடுத்துப்போகாத ஸ்வெட்டர்

எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்க, மில்லில் நான்கு நாள் லீவு கிடைத்தது. கொடைக்கானல் போகலாம் என்றேன். என் மனைவிக்கு அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயசிலிருந்தே ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிறந்த வீட்டுக் காலண்டரில் அதன் படம் இருந்ததாம்.

பை அடுக்கும்போது ஒரு பச்சைக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்து வைத்தாள். பட்டாளத்தில் இருந்த அவள் அண்ணன் கொடுத்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா? உங்கண்ணன் எல்லையில பனிக்குள்ள நிக்காரு. நாம என்ன சண்டைக்கா போறோம்?"

"மலைல குளுரும்னு அண்ணன் சொல்லிச்சுங்க. எனக்கு மூச்சிழுப்பு வேற வருமே."

"நூலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கியா?"

நான் ஸ்பின்னிங்கில் மேஸ்திரி. பருத்தியை மிஞ்சிய துணி உலகத்தில் கிடையாது என்பது எங்கள் மில்லில் எல்லோருக்கும் இருந்த வறட்டுக் கௌரவம். ஸ்வெட்டரைக் கட்டிலில் வீசிவிட்டு, எங்கள் நூலில் நெய்த கனத்த போர்வை நான்கை அமுக்கி வைத்தேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியதும் மழை பிடித்துக்கொண்டது. பை பஸ் கூரைமேல் இருந்தது. லாட்ஜில் வந்து பிரித்தால் நான்கு போர்வையும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. பருத்தி தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. எனக்குத் தெரியாத சங்கதியா அது? அங்கே இருந்த இரண்டு நாளும் காயவேயில்லை.

மறுநாள் காலையில் அவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகக் கூடாது என்றார். கீழே கடைத்தெரு முழுக்க ஸ்வெட்டர் தொங்கியது. கையில் காசும் இருந்தது. ஆனால் வாங்கினால் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமே! வாங்கவில்லை. பாவி நான், வாங்கவேயில்லை.

லாட்ஜ்காரர் கொடுத்த பஞ்சு வைத்த ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டுகொண்டு அவளே சொன்னாள்: "நீங்க ஏன் அடைஞ்சு கெடக்கணும்? ஏரியப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

போனேன். வெட்கமில்லாமல் படகிலும் ஏறினேன். திரும்பி வந்து, ஏரி எம்புட்டுப் பெரிசு, மூடுபனியில் எதிர்க்கரை தெரியவில்லை, படகுக்காரர் தொப்பி தண்ணீரில் விழுந்தது என்று கதை கதையாக அளந்தேன். அவள் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஊர் திரும்பிய அன்றே பக்கத்து வீட்டு அக்கா வந்து விசாரித்தார். "அடேயப்பா, எம்புட்டுப் பெருசு தெரியுமாக்கா! படகுல போனோம். படகுக்காரரு தொப்பி தண்ணிக்குள்ள விழுந்து, எங்களுக்குச் சிரிச்சு மாளல" என்றாள் என் மனைவி. உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள். வெளியே போய் உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்லை.

தொண்ணூறுகளில் பிள்ளைகள் வளர்ந்து, கொடைக்கானல் போகலாம் என்று நச்சரித்தார்கள். அம்மாவும் வரவேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் ஏற்கெனவே பாத்துட்டேன்ல. அப்பாகூட நீங்க போய்ட்டு வாங்க."