படப்பை என்று பெயரிட்ட பாஸ்வேர்டு

1. எல்லா இடத்திலும் நான்

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் பதினொரு பேர். டயாலிசிஸ் மையங்களுக்கு மட்டும் சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். நோயாளியின் எடை எவ்வளவு, உடம்பிலிருந்து எத்தனை லிட்டர் நீர் எடுக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க எவ்வளவு மருந்து என்பதையெல்லாம் அதுதான் கணக்கிட்டுத் திரையில் காட்டும். சிறுசேரியில் பெரிய கம்பெனி ஒன்றில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, வீடு செம்பாக்கத்தில் என்பதால் இங்கே டெக்னிக்கல் ஹெட்டாகச் சேர்ந்திருந்தேன்.

நாங்கள் எழுதும் கோடு, அதாவது சாஃப்ட்வேரின் நிரல், அதைச் சேமித்து வைக்கும் இணையச் சேவை ஒன்றில் இருந்தது. நாற்பத்து மூன்று மையங்களிலும் ஒரு கம்ப்யூட்டர் தினமும் காலையில் அந்தச் சேவைக்குள் நுழைந்து, புதிய வெர்ஷன் இருந்தால் தானாக இறக்கிக்கொள்ளும். அத்தனையும் நுழைந்தது என் பெயரில், என் சொந்த அக்கவுண்ட் பாஸ்வேர்டில். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்தான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

இனி மெஷின்கள் அக்கவுண்ட் பாஸ்வேர்டால் நுழைய முடியாது என்று அந்தச் சேவை பல மாதங்களாக மெயில் அனுப்பிக்கொண்டிருந்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு திங்கட்கிழமை காலை நாற்பத்து மூன்று கம்ப்யூட்டர்களும் வாசலிலேயே நின்றுவிட்டன. பழைய வெர்ஷன் ஓடியதால் நோயாளிகளுக்குத் தொந்தரவு இல்லை. ஆனால் புதிதாக எதையும் அனுப்ப வழியில்லை.

2. தேன்மொழி கேட்ட கேள்வி

பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஆப் பாஸ்வேர்டு என்று ஒன்றை உருவாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அது சேவையே தரும் நீளமான எழுத்துக்கோவை. அதற்குப் பெயர் வைக்கலாம். படிக்க மட்டும் அனுமதியா, எழுதவுமா என்று சொல்லலாம். வேண்டாமென்றால் அதை மட்டும் ரத்து செய்யலாம்.

ஒன்றே ஒன்றை உருவாக்கி நாற்பத்து மூன்று இடத்திலும் ஒட்டிவிட்டால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும் என்றேன். சப்போர்ட்டில் இருந்த தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். எங்களிடம் வருவதற்கு முன் பதினொரு வருடம் டயாலிசிஸ் வார்டில் நர்ஸாக இருந்தவள்.

"எல்லாத்துக்கும் ஒண்ணேவா சார்?"

"ஆமாம்மா. ஏன்?"

"எங்க வார்டுல ரத்தத்தைச் சுத்தம் பண்ற ஒவ்வொரு ஃபில்டர் மேலயும் பேஷண்ட் பேரை எழுதி ஒட்டுவோம். கழுவி மறுபடி அவருக்கேதான் போடுவோம். ஒருத்தருக்கு இன்ஃபெக்ஷன்னா அந்த ஒண்ணைத் தூக்கிப் போட்டுடலாம். எல்லாருக்கும் ஒரே ஃபில்டர்னா எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியாது சார்."

"இது ஹாஸ்பிடல் இல்லம்மா" என்றேன், எரிச்சலோடு.

"அந்தப் பக்கம் படுத்திருக்கிறது பேஷண்ட்தானே சார்?"

முதலாளி பாஸ்கர் தன் அறையிலிருந்து வந்தார். "எத்தனை நாள் ஆகும், தேன்மொழி?"

"ஒரு வாரம் சார்."

"பண்ணுங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. அவள் அதைக் கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு மையத்தையும் போனில் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் தனி ஆப் பாஸ்வேர்டு போட்டாள். பெயர், அந்தந்த ஊரின் பெயர். அனுமதி, படிக்க மட்டும். கடைசியில் என் அக்கவுண்ட் பாஸ்வேர்டையும் மாற்ற வைத்தாள். "அது நாற்பத்து மூணு இடத்துல கிடந்த பாஸ்வேர்டு சார்."

3. புதன்கிழமை, பத்து மணி

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை, அந்தச் சேவையிலிருந்து எச்சரிக்கை மெயில் வந்தது. எங்கள் ஆப் பாஸ்வேர்டு ஒன்று, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறதாம். அதன் பெயர்: படப்பை.

படப்பை மையத்தின் மேனேஜர் சுமதியைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதென்று பக்கத்துக் கடை மெக்கானிக் முரளியை வரவழைத்திருக்கிறார். முரளி இன்னும் அங்கேதான் இருந்தார். போனை வாங்கினார்.

"இன்னா சார், பேக்கப்தானே எடுத்தேன்? உங்க சாஃப்ட்வேர் ஃபோல்டரை மட்டும் என் ஆன்லைன் அக்கவுண்ட்ல ஏத்தி வெச்சேன். அது பப்ளிக்கா கீதுன்னு பாக்கல சார்."

"உடனே எடுங்க முரளி. அதுக்குள்ள பாஸ்வேர்டு இருக்கு."

"ஐயோ! தோ, எடுத்துட்டேன் சார்."

அதற்குள் தேன்மொழி அந்தச் சேவையின் பதிவேட்டைத் திறந்திருந்தாள். முரளி ஃபோல்டரை ஏற்றி ஒன்பதாவது நிமிடத்தில் முன்பின் தெரியாத யாரோ, எங்கோ ஒரு தேசத்திலிருந்து, 'படப்பை' என்ற பெயரில் உள்ளே வந்திருந்தார்கள். படப்பை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் கோடு முழுவதையும் படித்திருந்தார்கள். பிறகு அதை மாற்றி எழுத முயன்றிருந்தார்கள். ஆறு முறை. ஆறுக்கும் எதிரே ஒரே பதில்: எழுத அனுமதி இல்லை.

மாற்றப்பட்ட கோடு உள்ளே போயிருந்தால் அடுத்த நாள் காலையில் நாற்பத்து மூன்று மையங்களும் அதை இறக்கியிருக்கும். மருந்தின் அளவைச் சொல்லும் கோடு அது.

தேன்மொழி 'படப்பை' வரிக்கு எதிரே இருந்த ரத்து பட்டனை அழுத்தினாள். அந்த வரி மறைந்தது. கீழே செங்கல்பட்டு, குரோம்பேட்டை, மதுராந்தகம் என்று நாற்பத்து இரண்டு பெயர்கள் அப்படியே இருந்தன.

ஏதாவது நின்றுவிட்டதென்று எந்த மையத்திலிருந்தாவது போன் வரும் என்று காத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. ஒரு போன்கூட வரவில்லை. யாருக்குமே தெரியாமல் இவ்வளவு பெரிய ஆபத்து வந்து, ஒரே ஒரு வரியோடு திரும்பிப் போய்விட்டது.

4. மூன்றாவது நாற்காலி

மதியம் புது ஆப் பாஸ்வேர்டைப் போட இருவரும் படப்பைக்குப் போனோம். போனிலேயே செய்திருக்கலாம். நான்தான் நேரில் போவோம் என்றேன்.

அத்தனை வருடத்தில் நான் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். எட்டு நாற்காலிகளில் எட்டுப் பேர். கைகளிலிருந்து கிளம்பிய குழாய்களில் ரத்தம் வெளியே வந்து, சுற்றி, மறுபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் பக்கத்திலும் நான் எழுதிய திரை.

மூன்றாவது நாற்காலியில் இருந்த லாரி டிரைவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "கம்ப்யூட்டரைக் கழட்டினு இருந்தாங்களே காலைல. என் நம்பர்லாம் சரியா கீதாம்மா?"

தேன்மொழி குனிந்து, அவருடைய ஃபைலையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு புள்ளி நாலு லிட்டர். மருந்தும் கரெக்டா இருக்கு அண்ணா."

"நீ சொன்னா சரி" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் தூங்கியும் போனார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் பாஸ்வேர்டை எந்த மெஷினுக்கும் தராதீர்கள். அதற்கென்று தனியாக ஒன்று கொடுங்கள், அதன் பெயரை எழுதுங்கள், அதற்குத் தேவையானதற்கு மேல் ஒரு அனுமதியும் தராதீர்கள். மறுமுனையில் ஒருவர் தன் ரத்தத்தை நம்மிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கலாம்.