ஒன்றாம் நாற்காலியும் ஒற்றைக் கட்டியும்

பொறாமை சிலருக்கு வரும், போகும். ஒன்றாம் நாற்காலிக்காரருக்கு மட்டும் அது கூடவே பிறந்து, கூடவே சாப்பிட்டு, கூடவே தூங்கியது. தன் கல்யாணப் படத்தில் மச்சினன் தன்னைவிட நன்றாக விழுந்துவிட்டான் என்று, அந்தப் படத்தையே கூடத்தில் மாட்ட விடாத மனிதர் அவர்.

அவர் சலூனில் இரண்டு நாற்காலிகள். சன்னலோரம் இருப்பது ஒன்றாம் நாற்காலி, அவருடையது. பட்டப் பெயரும் அதனால்தான் வந்தது. விசிறிக்குக் கீழே இருக்கும் இரண்டாவதில் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வேலை செய்தான். யார் எங்கே உட்கார்வது என்பது வாடிக்கையாளர் இஷ்டம். அதில் கடைக்காரர் வாய் திறக்கக் கூடாது. இது அவர் வைத்த சட்டம். மச்சினன் சும்மா நின்றாலும், வந்தவர்கள், "பரவால்ல, நான் காத்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகையைப் புரட்டுவார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தான் அவர் தினமும் கடையைத் திறந்தார்.

வலது மேல்கை வலித்தபோது, கத்திரி பிடிக்கிற கை வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தார். ஒரு நாள் கடையின் இரும்புக் கதவைத் தூக்கப் போய், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். படம் எடுத்தார்கள், ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பார்த்தார்கள்.

"எலும்பு மஜ்ஜையில பிளாஸ்மா செல்னு ஒண்ணு இருக்கு. கிருமியை எதிர்க்கிறதுதான் அதோட வேலை. அது கெட்டுப்போய்ப் பெருகி, உங்க கை எலும்புக்குள்ள கட்டியா உட்கார்ந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "ரொம்ப அபூர்வம். நல்லவேளை, ஒரே இடத்துலதான் இருக்கு. கதிர்வீச்சு கொடுத்துப் பார்ப்போம். ஆனா பின்னால மத்த எலும்புக்கும் பரவலாம். அதனால பரிசோதனையை விடவே கூடாது."

"எல்லாருக்கும் எலும்புலதான் வருமா?"

"சிலருக்கு மூக்கு, தொண்டைப் பக்கம் சதையில வரும். அது அவ்வளவா பரவாது."

வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார். இவரும் பயந்தார்தான். ஆனால் பயத்தை முந்திக்கொண்டு வயிறு எரிந்தது. மூக்கில் கட்டி வந்தவன் கத்திரி பிடிப்பானே! முன்பின் பார்த்திராத அந்த மூக்குக்காரர்களை நினைத்து வீடு வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தார்.

கதிர்வீச்சுக்குப் போய்வந்த வாரங்களில் கடையை மச்சினன் ஒருவனே பார்த்துக்கொண்டான். கூட்டம் குறையவில்லை என்று மனைவி சந்தோஷமாகச் சொன்ன அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இடது கையால் சவரம் செய்ய வராமல் தாடி புதராக மண்டியது.

"தம்பிகிட்ட போய் உட்கார்ந்தா என்னங்க?"

"அவன் கத்தி என் கன்னத்துல படணும்னா, நான் பேச்சுமூச்சு இல்லாமக் கிடக்கணும்."

சிகிச்சை முடிந்து வலியும் போனது. "எலும்பு இன்னும் உள்ள அரிச்சுப்போய் வெறும் கூடாத்தான் இருக்கு. தோளுக்கு மேல கையைத் தூக்கினா முறிஞ்சிடும். நான் சொல்ற வரைக்கும் வேலை கூடாது" என்றார் டாக்டரம்மா. சரி சரி என்று தலையாட்டிவிட்டு மறுநாளே கடைக்குப் போய், ஒன்றாம் நாற்காலியைத் துடைத்து, துண்டை உதறி நின்றார்.

வந்தவர்கள் எல்லாரும் நலம் விசாரித்தார்கள். ஒருவரும் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கடைசியில் தபால்காரர் வந்தார். தலையில் முடி நிறைய இருந்த காலத்திலிருந்து இவரிடமே வெட்டிக்கொண்டவர். அவர் காலி நாற்காலியைப் பார்த்தார், வேறொருவருக்கு வெட்டிக்கொண்டிருந்த மச்சினனைப் பார்த்தார். "பரவால்ல, நான் காத்திருக்கேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

கடை ஓயும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர், பிறகு வெடித்தார். "என்னடா மருந்து போட்டு வச்சிருக்கே என் ஆளுங்களுக்கு?"

மச்சினன் தலை குனிந்தான். "நான்தான் சொல்லி வச்சேன் மாமா. கையைத் தூக்கினா எலும்பு போயிடும், கொஞ்ச நாளைக்கு மாமாகிட்ட உட்காராதீங்கன்னு. கடைச் சட்டத்தை மீறிட்டேன். அக்காவுக்குக்கூடத் தெரியாது."

"எல்லார்கிட்டயுமா சொன்னே?"

"எல்லார்கிட்டயும்."

அவர் கண் கலங்கியது. ஆனாலும் பிறவிக் குணம் எங்கே போகும்? "என் ஆளுங்க உன் பேச்சைக் கேட்டிருக்காங்க பாருடா. அதைத்தான் என்னால தாங்க முடியலை" என்றார்.

பிறகு ஒன்றாம் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்து, தாடியைத் தூக்கிக் காட்டினார். "ம், எடு."

மச்சினன் நுரை பூசினான், கத்தியை எடுத்தான். எத்தனையோ கன்னங்களில் வழுக்கிக்கொண்டு போன கை, அவர் தொண்டைக்குப் பக்கத்தில் வந்ததும் நடுங்கியது. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் அவர்.

"கை நடுங்குதே?"

"பயமா இருக்கு மாமா."

கட்டி வந்த நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த வயிறு குளிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவா செய். நான் காத்திருக்கேன்."